பதினாறு நிலைகளும் நானூறு மணி நேரமும்: ஏஜென்ட்களுக்கு அனுமதி தரும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தானாக முடிவெடுத்து இயங்கும் ஏஜென்ட்களைப் பயன்பாட்டுக்கு விடலாமா, கூடாதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் நீங்கள். அந்தக் கையெழுத்துக்காக மேசையின் எதிர்ப்பக்கம் மூன்று தடவை வந்து உட்கார்ந்தவன் நான். மூன்று தடவையும் உங்கள் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் என் பேனா நின்றது: "மொத்தச் சோதனை நேரம், மணியில்". கடைசித் தடவை அதில் 400 என்று எழுதினேன். பொய் இல்லை, 400 மணி நேரம் சிமுலேஷன் ஓட்டியிருந்தோம். மேற்கொண்டு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அனுமதி வந்துவிட்டது.

(முகவர் என்று எழுதினால் காப்பீட்டுப் பாலிசியோடு வீட்டுக்கு வருபவர்தான் நினைவுக்கு வருகிறார். அதனால் ஏஜென்ட் என்றே எழுதுகிறேன். சுற்றுப்புறத்தைப் பார்த்து, தனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொண்டு, அதற்கு எது தோதோ அதைத் தேர்ந்தெடுக்கும் நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பகுத்தறிவுள்ள ஏஜென்ட்" என்று இத்துறையில் சொல்வதும் இவ்வளவுதான்.)

அனுமதி கிடைத்த ஆறாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கிப் போகும் தானியங்கி வண்டிகள். நடுவே ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாதை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு விதி: எதிரே இன்னொரு வண்டி வந்தால் பின்வாங்கு, பக்கத்தில் உள்ள ஒதுங்கிடத்துக்குள் போ, 5 விநாடி பொறு, மறுபடி கிளம்பு. மரியாதையான விதி. ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. எல்லா வண்டிகளும் ஒரே நொடியில் விழித்துக்கொண்டன. இரண்டு வண்டிகள் பாதையின் இரு முனைகளிலிருந்தும் கிளம்பின, ஒன்றையொன்று பார்த்தன, பின்வாங்கின, 5 விநாடி பொறுத்தன, மறுபடி ஒரே நொடியில் கிளம்பின. "நீங்க போங்க." "இல்ல இல்ல, நீங்க போங்க." காவலாளி ஒருவர் எதேச்சையாக அந்தப் பக்கம் வரும்வரை இருபது நிமிடம் இந்த உபசாரம் நடந்திருக்கிறது.

இரண்டு வண்டிகளின் லாக்கையும், அதாவது நடந்ததைப் பதிந்து வைக்கும் கோப்பையும், எடுத்துப் பார்த்தேன். ஒரு பிழைச் செய்திகூட இல்லை. ஒவ்வொன்றும் தன் விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருந்தது. 400 மணி நேரத்தில் ஒரு தடவைகூட இது ஏன் வரவில்லை என்று தேடியபோதுதான் வெட்கமாகப் போயிற்று. நிஜம் போல இருக்கட்டும் என்று சிமுலேஷனில் ஒவ்வொரு வண்டியின் கடிகாரத்திலும் கொஞ்சம் தற்செயல் தாமதத்தை நாங்களே கலந்திருந்தோம். முட்டிக்கொண்டு நின்ற வண்டிகளை அந்தத் தாமதம்தான் ஒவ்வொரு தடவையும் விடுவித்துக்கொண்டிருந்தது. 400 மணி நேரமும் நாங்கள் சோதித்தது எங்கள் கலப்படத்தை.

அன்று இரவே அந்த விதியை ஒரு மாடலாக எழுதினேன். ஒரு வண்டிக்கு நான்கு நிலை: நகர்கிறது, பின்வாங்குகிறது, காத்திருக்கிறது, அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது. இரண்டு வண்டிக்கு நான்கு நான்காகப் பதினாறு. எந்த வண்டி எப்போது கிளம்பும் என்பதைப் பற்றி எந்தச் சலுகையும் தராமல் மாடல் செக்கரிடம் (வரக்கூடிய எல்லா நிலைகளையும் விடாமல் துழாவிப் பதில் சொல்லும் கருவி) கேட்டேன்: "எப்படி நடந்தாலும், ஒரு வண்டியாவது என்றாவது அந்தப் பக்கம் போய்ச் சேருமா?" கண் இமைப்பதற்குள் "இல்லை" என்று பதில் வந்தது. கூடவே ஆதாரமாக ஓர் எதிர்க்காட்டு: இருவரும் நகர்கிறார்கள், இருவரும் பின்வாங்குகிறார்கள், இருவரும் காத்திருக்கிறார்கள், அங்கிருந்து மறுபடி முதல் வரிக்கு. பதினாறு நிலைகளைப் பார்ப்பதற்குப் பதிலாக நானூறு மணி நேரம் ஓட்டியிருக்கிறோம். திருத்தம் அரை வரிதான்: எண் குறைந்த வண்டிக்கு முன்னுரிமை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானையில் இருக்கும் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒரே சூட்டில் வேகிறது என்பதால். நிரலில் அப்படி இல்லை. பத்தாயிரம் ஓட்டம் சரியாக வந்தது என்பதை வைத்து அடுத்த ஓட்டத்தைப் பற்றி எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஏஜென்ட்கள் பலவாகும்போது இது இன்னும் மோசம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குறையே இருக்காது, குறை இருப்பது இடைவெளியில்.

என் கதை போதாது என்றால் உலகறிந்த ஒன்றைப் பாருங்கள். 2011-ல் ஓர் இணையச் சந்தையில், ஈயின் உயிரியல் பற்றிய பழைய பாடநூல் ஒன்றின் விலை 2,36,98,655 டாலர் 93 சென்ட் வரை போனது. இரண்டு விற்பனையாளர்கள், இரண்டு விலை நிர்ணய நிரல்கள். ஒன்று எதிராளியின் விலையை 0.9983-ஆல் பெருக்கித் தன் விலையாக வைக்கும். கொஞ்சம் மலிவாக விற்றால் வாங்குபவர் இங்கே வருவார் என்ற கணக்கு. இன்னொன்று எதிராளியின் விலையை 1.270589-ஆல் பெருக்கும். கையில் புத்தகம் இல்லாதவர், ஆர்டர் வந்தால் எதிராளியிடம் வாங்கி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கலாம். இரண்டு யோசனையிலும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள்: 1.2684. ஒன்றைவிடப் பெரியது. அவ்வளவுதான், விலைக்கு மேலெல்லை இல்லை என்பதற்கான முழு நிரூபணமும் முடிந்துவிட்டது. 35 டாலரில் தொடங்கினால்கூட 57 சுற்றில் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சோதனைக்கூடம் வேண்டாம், ஒரு கால்குலேட்டர் போதும். ஆனால் இரண்டு நிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். என்னால் முடியாது, என் போட்டியாளரின் நிரலை எனக்கு யார் தருவார்கள்?

இனி நான் கேட்பது புதுமோகம் அல்ல என்பதற்காகக் கொஞ்சம் பழைய கதை. நிரல்களைப் பற்றி "எப்போதும்", "என்றாவது" என்ற சொற்களோடு துல்லியமாகப் பேசக் காலத் தர்க்கம் உதவும் என்று அமீர் நுவேலி காட்டியது 1977-ல். அமெரிக்காவில் கிளார்க்கும் எமர்சனும், பிரான்சில் கெயும் சிஃபாகிஸும், எல்லா நிலைகளையும் இயந்திரமே துழாவிப் பதில் சொல்லும் மாடல் செக்கிங் முறையை 1980-களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். நுவேலிக்கு 1996-லும், கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007-லும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. ஹோல்ஸ்மன் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய ஸ்பின் என்ற மாடல் செக்கரை யார் வேண்டுமானாலும் இன்று இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஏஜென்ட்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. நான் இந்த மடலை எழுதுவதே முக்கியமாக இதைச் சொல்லத்தான்.

மனிதர்கள் முடிவெடுப்பதைப் பற்றி மைக்கேல் பிராட்மன் என்ற தத்துவ அறிஞர் 1980-களில் எழுதினார்: உலகைப் பற்றிய நம்பிக்கைகள், அடைய ஆசைப்படும் விருப்பங்கள், அவற்றில் இதைச் செய்தே தீருவது என்று எடுத்துக்கொண்ட உறுதிகள். ராவும் ஜார்ஜெஃபும் 1990-களில் இதை ஏஜென்ட்களுக்கான தர்க்கமாக்கினார்கள். 1996-ல் ராவ் அதை ஏஜென்ட்ஸ்பீக் என்ற நிரல்மொழி ஆக்கினார். அந்த மாதிரி மொழியில் எழுதிய ஏஜென்டிடம் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் பதில் உள்ளேயே எழுதியிருக்கும். எதை நம்பியது, எதை விரும்பியது, எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தது, எல்லாமே பெயர் உள்ள பொருள்கள். பெயர் இருந்தால் அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், அந்தக் கேள்வியை மாடல் செக்கரிடம் கொடுக்கலாம். நாசா எய்ம்ஸ் மையத்தில் உருவான, ஜாவா நிரல்களைச் சரிபார்க்கும் ஜாவா பாத்ஃபைண்டர் கருவியின் மேல் ஏஜேபிஎஃப் என்று இதற்கென்றே ஒரு கருவியைக் கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் படிவத்தில் இப்போது இருக்கும் வரி இது: "ஏஜென்ட் ஒருபோதும் மோதலை உண்டாக்காது என்று உறுதியளிக்கவும்." மன்னிக்கவும், இந்த உறுதியை நாணயமான எவரும் தர முடியாது. சென்சாரில் தூசி படியலாம், தரை வழுக்கலாம், யாராவது குறுக்கே ஓடி வரலாம். உலகத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் இதை நிரூபிக்கலாம்: "முன்னால் ஆள் இருக்கிறார் என்று நம்பும் நிலையில், முன்னே செல்லும் செயலை இந்த ஏஜென்ட் ஒருபோதும் தேர்ந்தெடுக்காது." முதல் வாக்கியம் உலகத்தைப் பற்றியது, இரண்டாவது ஏஜென்டின் முடிவைப் பற்றியது. முடிவெடுக்கும் பகுதி ஒரு நிரல், அதன் கிளைகளை எண்ணிப் பார்க்கலாம். நம்பிக்கை சரியா என்பது தனிக் கேள்வி, அதற்குத்தான் சென்சார் சோதனை, புள்ளியியல், நீங்கள் இப்போது கேட்கும் அந்த 400 மணி நேரம் எல்லாம். இரண்டையும் ஒரே வரியில் கேட்டால் இரண்டுமே கிடைக்காது.

நெடுஞ்சாலையில் வரிசைகட்டி ஓடும் தானியங்கி வாகனங்களை வைத்து லிவர்பூல், ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வரிசையில் சேர விரும்பும் வாகனம், தலைவர் வாகனத்திடமிருந்து ஒப்புதல் வந்துவிட்டது என்று நம்பாமல் சேரத் தொடங்காது. இப்படிப்பட்ட பண்புகளை முடிவெடுக்கும் ஏஜென்டின் நிரலிலேயே வைத்துச் சரிபார்த்தார்கள். எத்தனை விநாடிக்குள் சேர்ந்து முடிக்கும் என்ற நேரக் கணக்கைத் தனி மாடலாக்கி, அதற்கு ஏற்ற வேறு கருவியில் போட்டார்கள். ஒரே கருவியால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை, எனக்கு அதில் பிடித்தது அதுதான்.

அப்புறம், ஏஜென்ட்கள் கூட்டமாக இயங்குவதைப் பற்றி. உங்கள் வரைவு விதிகளைப் போன்ற ஓர் ஆவணத்தில் ஒருமுறை இப்படி ஒரு வரியைப் படித்தேன்: "எல்லா ஏஜென்ட்களும் ஒப்புக்கொண்டுவிட்டன என்பது எல்லா ஏஜென்ட்களுக்கும் தெரியும், அப்படித் தெரியும் என்பதும் தெரியும், இப்படியே எத்தனை படி போனாலும் தெரியும் என்று உறுதியான பின்பே கூட்டுச் செயலைத் தொடங்க வேண்டும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்தி வழியில் தொலைந்துபோகக்கூடிய இணைப்பில் இது நடக்கவே நடக்காது. நான் "சரி" என்று அனுப்புகிறேன். அது உங்களுக்கு வந்ததா என்று எனக்குத் தெரிய நீங்கள் பதில் அனுப்ப வேண்டும். உங்கள் பதில் எனக்கு வந்ததா என்று உங்களுக்குத் தெரிய நான் மறுபடி அனுப்ப வேண்டும். இதற்கு முடிவே இல்லை. இரண்டு தளபதிகள் தூதுவனை அனுப்பிக்கொண்டே இருக்கும் இந்தப் புதிரைத் தர்க்கத்தில் வைத்து, எல்லாருக்கும் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் இந்த நிலையை அப்படிப்பட்ட இணைப்பில் எட்ட முடியாது என்று கணினி அறிவியலாளர்கள் ஹால்பர்னும் மோசஸும் 1990-ல் வெளியான கட்டுரையில் நிரூபித்துவிட்டார்கள். அந்த ஆவணத்தை எழுதியவர்களிடம் இதைச் சொன்னபோது "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்றார்கள். அதுவரை அந்த வரிக்கு எதிரே எல்லா விண்ணப்பதாரர்களும் "ஆம்" என்று டிக் அடித்துக்கொண்டிருப்பார்கள். நிறைவேற்றவே முடியாத நிபந்தனைக்கு "ஆம்" எழுதப் பழகியவர் அடுத்த நிபந்தனையை எப்படி மதிப்பார்?

கூட்டத்தில் இன்னொரு கேள்வி: யார் யாரோடு சேர்ந்தால் எதைச் சாதிக்க முடியும்? "மற்றவர்கள் என்ன செய்தாலும், இந்த மூன்று ஏஜென்ட்களும் கைகோத்தால் ஏலத்தைத் தங்கள் பக்கம் வளைத்துவிட முடியுமா?" என்பதைக் கேட்கும் தர்க்கத்தை ஆலூர், ஹென்சிங்கர், குப்ஃபர்மன் மூவரும் 1997-ல் தந்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான எம்சிமாஸ் கருவி இதை இயந்திரத்தில் சரிபார்க்கும். கணினி அறிவியலாளர் வூல்ட்ரிட்ஜும் உடனிருப்பவர்களும் இன்னும் ஒரு படி போய், ஒவ்வொரு ஏஜென்டும் தன் நலத்துக்கு உகந்ததையே செய்யும் என்று வைத்துக்கொண்டு, அப்படிப் பிறக்கும் நாஷ் சமநிலைகளில் (தான் மட்டும் மாறினால் யாருக்கும் லாபம் இல்லாத நிலைகள்) நாம் விரும்பும் பண்பு நிற்குமா என்று கேட்கிறார்கள். ஈயைப் பற்றிய அந்தப் புத்தக விவகாரத்துக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியின் குடும்பம் இதுதான். எல்லா ஏஜென்ட்களும் நல்லபடி நடக்கும் என்று நினைப்பதும் தப்பு, எல்லாமே எதிரிகள் என்று நினைப்பதும் தப்பு. பெரும்பாலானவை தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறவை, மனிதர்களைப் போலத்தான்.

செலவைப் பற்றி மறைக்க விரும்பவில்லை. ஒரு ஏஜென்டுக்கு 20 நிலை என்றால் பத்து ஏஜென்டுக்கு 20-இன் பத்தாம் அடுக்கு, அதாவது பத்து லட்சம் கோடிக்கும் மேல். ஒரே மாதிரியான நிலைகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணலாம், சுருக்கி எழுதலாம், ஆனாலும் ஒரு கட்டத்தில் மூச்சு முட்டும். ஒவ்வொருவருக்கும் பாதித் தகவல்தான் தெரியும், ஆனால் நடந்தது எல்லாம் நினைவிருக்கும் என்று வைத்துக்கொண்டால், கூட்டணி பற்றிய அந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்லும் நிரல் இருக்கவே முடியாது என்பது நிரூபணமான விஷயம். அதனால் எல்லாவற்றையும் நிரூபித்துக் கொண்டு வா என்று நான் கேட்கச் சொல்லவில்லை. சின்ன நிறுவனங்கள் மூடிவிட்டுப் போய்விடும்.

நிரூபணம் இருந்தும் ஏமாந்த கதையும் உண்டு. விண்கலத்தைத் தானே ஓட்டும் ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருளின் ஒரு பகுதியை 1997-ல் நாசா எய்ம்ஸில் ஸ்பின் கருவியால் சரிபார்த்து, யாரும் காணாத ஐந்து ஒத்தியக்கப் பிழைகளை (ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகள் ஒன்றோடொன்று இசையாமல் போகும் பிழைகள்) கண்டுபிடித்தார்கள். 1999 மே மாதம் டீப் ஸ்பேஸ் 1 கலத்தில் அந்த ஏஜென்ட் பொறுப்பேற்றது. மறுநாளே ஒரு டெட்லாக், அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்து எதுவும் நகராமல் நிற்பது. அயனி இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. தரையிலிருந்து துருவிப் பார்த்தால், 1997-ல் கண்டுபிடித்த ஐந்தில் ஒன்றின் அச்சு அசல். ஆனால் அது இருந்தது மாடலில் சேர்க்காத வேறொரு பகுதியில். பிறகு சோதனையைத் தொடர்ந்து அதன் இலக்குகளை முடித்துவிட்டார்கள், அது வேறு விஷயம். இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தீர்களா, சரிபார்ப்பு உதவாது" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது நேர்மாறு: எந்தப் பகுதி நிரூபணத்துக்குள் வந்தது, எது வெளியே நின்றது என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தால், வெளியே நின்றதில் அதே பிழையைத் தேட ஒருவருக்காவது தோன்றியிருக்கும்.

ஆகவே நான் கேட்பது. "மொத்தச் சோதனை நேரம்" கட்டத்தை எடுத்துவிட வேண்டாம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: முடிவெடுக்கும் பகுதி தனியாகப் பிரிந்து இருக்கிறதா, அதைப் பற்றி எந்தெந்த வாக்கியங்கள் நிரூபிக்கப்பட்டன, என்னென்ன எடுகோள்களின் (உண்மை என்று வைத்துக்கொண்டவை) மேல்? எடுகோள் பக்கம்தான் உயிர்நாடி. "இரண்டு வண்டிகளும் ஒரே நொடியில் கிளம்பாது" என்று நான் அன்று எழுத வேண்டியிருந்தால், எழுதும்போதே கை நடுங்கியிருக்கும். ஏஜென்ட் ஓடும்போது அந்த எடுகோள்கள் உடைகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பு நிரலையும் கேளுங்கள், அதை எழுதுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

நிரல் மாறினால் நிரூபணமும் புதிதாக வேண்டும். இதில் மட்டும் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். இரண்டாம் பதிப்புக்கு முதல் பதிப்பின் சான்றிதழைக் காட்டுவது எங்கள் துறையில் சாதாரணம், நானே காட்டியிருக்கிறேன்.

சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருக்கும் பெரிய மொழி மாதிரிகளை மூளையாக வைத்த ஏஜென்ட்கள் இப்போது உங்கள் மேசைக்குக் குவியலாக வந்துகொண்டிருக்கும். அவற்றின் உள்ளே நம்பிக்கை எது, உறுதி எது என்று பெயர் ஒட்டி வைத்திருக்காது. உள்ளே இருப்பதை நிரூபி என்று கேட்டால் யாரும் எதையாவது எழுதித் தந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, அது முன்மொழியும் ஒவ்வொரு செயலும் ஒரு சின்ன வாசலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும் என்று கேளுங்கள். எதை அனுமதிக்கும், எதை மறுக்கும் என்று முழுசாக நிரூபிக்கக்கூடிய அளவுக்குச் சின்ன வாசல். உள்ளே என்ன வேண்டுமானாலும் யோசித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, ஒரே இடத்தில் இயங்கப்போகும் வெவ்வேறு நிறுவனங்களின் ஏஜென்ட்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்பு. முழு நிரலைத் தர எந்த நிறுவனமும் சம்மதிக்காது, எனக்குத் தெரியும். வெளியே தெரியும் நடத்தையின் மாடல் மட்டும் போதும்: எந்தச் செய்திக்கு என்ன பதில், எவ்வளவு நேரம் பொறுக்கும், எப்போது விட்டுக்கொடுக்கும். என் வண்டிக்கு அது நான்கு வரி. அந்த நான்கு வரியில் தொழில் ரகசியம் எதுவும் கிடையாது.

பதினாறு நிலை மாடலின் அச்சுப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். திருத்துவதற்கு முந்தைய பதிப்பு. உங்களில் ஒருவர் அதை ஸ்பின்னில் ஓட்டிப் பார்த்தால், நான் சொன்ன மூன்று வரிச் சுழல் அப்படியே வரும். வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், எங்கே தப்புச் செய்தேன் என்று தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படிவத்தை மூன்று தடவை நிரப்பிய ஒரு நிரலாளர்